கிரைண்டர் கம்பெனிக்கு வீடியோ: போனா, கல்யாண வீடியோகிராபரா, புரொடக்‌ஷன் ஹவுஸா?

கோயம்புத்தூரில் கிரைண்டர், பம்ப், மோட்டார் செய்கிற சிறு கம்பெனிக்காரர்கள் வீடியோ என்றதும் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்றுதான். நியாயமான கேள்வி. ஆனால் ஒருவர் இருபதாயிரம் என்பார், அடுத்தவர் மூன்று லட்சம் என்பார், இரண்டு பேருமே "ரெண்டு நிமிஷ வீடியோ" என்றுதான் சொல்வார்கள். கேட்டவர் குழம்பிப்போய், கடைசியில் மச்சான் பையனிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொல்லிவிடுவார்.

சில சமயம் அதுவே சரியான முடிவாகவும் இருக்கும்.

பேச வசதியாக ஒரு கம்பெனியைக் கற்பனை செய்துகொள்வோம். கோவை கணபதி பகுதியில் ஒரு தொழிற்கூடம். இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டரும், ஹோட்டல்களுக்கான, சாய்த்து மாவை எடுக்கும் டில்டிங் கிரைண்டரும் செய்கிறார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் டீலர்கள் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களுக்காக 110 வோல்ட் மாடலும் கொஞ்சம் போகிறது. இவர்கள் வீடியோவைத் தாங்களே போனில் எடுக்கலாம். கல்யாண வீடியோ எடுக்கிற டீமைக் கூப்பிடலாம். புரொடக்‌ஷன் ஹவுஸிடம் மொத்தமாக ஒப்படைக்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் எது நல்லது என்று கேட்பதால்தான் பணம் வீணாகிறது. அந்த வீடியோவை யார், எங்கே நின்று பார்க்கப்போகிறார் என்று முதலில் பிரித்துவிட்டால், எதை யாரிடம் கொடுப்பது என்பது பெரும்பாலும் தானாக விளங்கிவிடும்.

நம் கம்பெனிக்கு மூன்று விதமான பார்வையாளர்கள். கிரைண்டரை வாங்கி வீட்டில் வைத்திருப்பவர் ஒருவர்: உளுந்துக்கு எப்போது தண்ணீர் விடுவது, கல்லை எப்படிக் கழற்றிக் கழுவுவது, பெல்ட் வழுக்கினால் என்ன செய்வது என்று அடுப்படியில் நின்று போனில் பார்ப்பவர். கொடிசியா கண்காட்சியில் ஸ்டாலைக் கடந்து போகிறவர் இன்னொருவர்: சத்தம் காதில் விழாது, நின்றால் உண்டு, போனால் போச்சு. மூன்றாவது ஆள் கம்பெனியையே பார்க்காதவர். வெளிநாட்டு இறக்குமதியாளர், பெரிய கடைத்தொடரின் பர்ச்சேஸ் மேனேஜர் போன்றவர்கள். இவர்கள் பார்க்க விரும்புவது தொழிற்கூடத்தை.

பணம் எதற்குப் போகிறது

இருபதாயிரத்துக்கும் மூன்று லட்சத்துக்கும் நடுவில் இருப்பது கேமரா என்று பலர் நினைக்கிறார்கள். சோனி எஃப்எக்ஸ்3 மாதிரி ஒரு கேமரா தின வாடகைக்கே கிடைக்கிறது. கல்யாண டீமும் அதைக் கொண்டுவரலாம், புரொடக்‌ஷன் ஹவுஸும் அதையே கொண்டுவரலாம். வித்தியாசம் எத்தனை ஆட்கள், எத்தனை நாட்கள் என்பதில்தான் இருக்கிறது.

தனி வீடியோகிராபர் என்றால் அவர், கூட ஓர் உதவியாள், ஒரு நாள் ஷூட், இரண்டு மூன்று நாள் எடிட். அவ்வளவுதான் கணக்கு. புரொடக்‌ஷன் ஹவுஸ் கணக்கில் ஷூட்டுக்கு முன்பே ஒருவர் வந்து உங்கள் ஆட்களிடம் பேசி ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். இன்னொருவர் தொழிற்கூடத்தைச் சுற்றி வந்து, காலையில் எந்த ஜன்னலில் வெளிச்சம் விழுகிறது, லைட்டுக்குப் பவர் எங்கே எடுப்பது, பக்கத்துக் கம்பெனியின் கம்ப்ரசர் எப்போது ஓடும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஷூட் அன்றைக்கு இயக்குநர், கேமராமேன், லைட்மேன், சவுண்டு, மேக்கப் என்று ஏழெட்டுப் பேர் பேட்டாவோடு வருவார்கள். அப்புறம் எடிட்டர், கலர், வாய்ஸ் ஓவர், இசை.

அதனால் "என்ன கேமரா கொண்டுவருவீங்க?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். "ஸ்கிரிப்ட் யார் எழுதுவீங்க? எடிட்டுக்கு எத்தனை நாள் வெச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். ஸ்கிரிப்ட் பற்றிய கேள்விக்கு "அதெல்லாம் ஸ்பாட்ல பாத்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால், ஸ்கிரிப்டை நீங்கள்தான் எழுதப்போகிறீர்கள்.

போன் எங்கே ஜெயிக்கும்

முதல் வகைப் பார்வையாளருக்குப் போன் போதும். போதும் என்பதைவிட, போன்தான் சரி என்பேன். கல்லைக் கழற்றி மாட்டுவது எப்படி என்று சொல்ல, பதினைந்து வருடமாக வீடு வீடாகப் போய் சர்வீஸ் பார்க்கும் ஆளைவிடப் பொருத்தமானவர் கிடையாது. அவர் கை போகிற இடம் தெரியும், எந்த இடத்தில் வாடிக்கையாளர் தப்புச் செய்வார் என்பதும் தெரியும். வாடகைக்கு வந்த நடிகரிடம் அது வராது. இந்த மாதிரி வீடியோ பத்து இருபது தேவைப்படும், மாடல் மாறும்போதெல்லாம் மறுபடி எடுக்கவும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வெளி ஆளைக் கூப்பிட்டுக் கட்டுப்படியாகாது.

செலவு செய்வதாக இருந்தால் முதலில் மைக்குக்குச் செய்யுங்கள். சட்டைக் காலரில் மாட்டுகிற ஒயர்லெஸ் மைக், அசையாத ஒரு டிரைபாட், இரண்டு எல்இடி லைட். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பேச்சு விளங்காவிட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். பேசும்போது மெஷினை நிறுத்திவிடுங்கள். ஆனால் கிரைண்டர் ஓடும் சத்தத்தைத் தனியாக, நன்றாகப் பதிவு செய்யுங்கள். இதைப் பல கம்பெனிகள் கோட்டை விடுகின்றன. கிரைண்டர் வாங்குகிறவர் கடையில் முதலில் கேட்பது "சத்தம் எப்படிங்க வரும்?" என்பதுதான். அந்தச் சத்தத்தின் மேல் ஒரு இசையைப் போட்டு மூடிவிட்டால், எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

இன்னொரு தொந்தரவு வெளிச்சம். தொழிற்கூடத்து டியூப்லைட்டின் கீழே எடுத்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். போன் பழுது என்று நினைத்துக்கொள்வார்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. போனோ பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் நாடுகளின் வழக்கப்படி நொடிக்கு 30 பிரேமில் எடுக்கிறது. 25 பிரேமுக்கு மாற்றி, ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஐபோனில் கேமரா அமைப்புகளுக்குள் பிஏஎல் (PAL) பார்மட் என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்தால் 25 பிரேமைத் தேர்ந்தெடுக்கலாம். ஆண்ட்ராய்டில் புரோ வீடியோ மோடு இருந்தால் அதில் ஷட்டரை மாற்றலாம். அப்புறம், லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள். கிரீஸ் விரல் பட்ட லென்ஸில் எல்லாமே பனிமூட்டம்தான்.

எடிட் செய்ய டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம், ஆனால் கற்றுக்கொள்ள ஒருவர் உட்கார வேண்டும். ஆபீஸில் ஆர்வமுள்ள ஒருவர் இல்லையென்றால் போன் வழி முதல் மாதத்தோடு நின்றுபோகும். இந்த வழியின் உண்மையான பலவீனம் அதுதான். நிலைக்குத்து வீடியோ யூடியூப் ஷார்ட்ஸில் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை போடலாம் என்பதால், ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ என்று எடுத்தால் நீளம் ஒரு பிரச்சினையே இல்லை.

கல்யாண டீமை எப்படி வேலை வாங்குவது

ஊரில் நல்ல கேமராமேன்கள் பலர் கல்யாணத்தில்தான் இருக்கிறார்கள். திரும்ப எடுக்க முடியாத தாலிகட்டை ஒரே வாய்ப்பில் பிடிக்கிறவர்கள். வேகம், கை நிதானம், நல்ல லென்ஸ், எல்லாம் அவர்களிடம் உண்டு. நடுத்தரச் செலவில் இதைவிடக் கூர்மையான படம் கிடைக்காது.

சிக்கல் பழக்கத்தில். கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பலோடு நடந்து வருவார்கள், கிரைண்டர் மெதுவாகச் சுற்றும், மாவு ஸ்லோமோஷனில் வழியும், பின்னால் வயலின். பார்க்க அழகாக இருக்கும். ஒரு லிட்டர் உளுந்து எத்தனை நிமிடத்தில் ஆட்டும், மோட்டாருக்கு எத்தனை வருட வாரண்டி என்று ஒன்றும் தெரிந்திருக்காது. அது அவர்கள் குற்றமில்லை. கல்யாணத்தில் கதை ஏற்கெனவே இருக்கிறது, அவர்கள் பிடித்தால் போதும். கிரைண்டருக்குக் கதையை நீங்கள்தான் தர வேண்டும்.

ஆகவே ஷாட் பட்டியலை நீங்களே எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்: மூடியைத் திறப்பது, அரிசி விழுவது, கல் சுற்றுவது மேலிருந்து, மாவின் பதத்தை விரலில் எடுத்துக் காட்டுவது, டிரம்மைத் தூக்குவது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் பக்கத்தில் திரையில் வர வேண்டிய எழுத்து. கண்காட்சி ஸ்டாலுக்கான வீடியோவுக்கு இந்த வழிதான் மிகப் பொருத்தம். அங்கே பேச்சு யாருக்கும் கேட்காது, எனவே பெரிய எழுத்தும் தெளிவான படமும் இருந்தால் போதும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்து மறுபடி ஓட வேண்டும். எந்த நொடியில் வந்து நின்றாலும் இது கிரைண்டர் என்று தெரிய வேண்டும். முதல் பத்து நொடி முழுக்க லோகோ சுற்றிக்கொண்டிருந்தால் நடந்து போகிறவர் நிற்க மாட்டார்.

எவர்சில்வர் டிரம்மைப் படம் பிடிப்பது தனி வித்தை என்பதையும் சொல்ல வேண்டும். அது கண்ணாடி மாதிரி எல்லாவற்றையும் காட்டும். கேமராமேனின் நீலச் சட்டை, மேலே டியூப்லைட், பின்னால் நின்று டீ குடிக்கிற ஆள், எல்லாமே டிரம்மில் தெரியும். சுற்றிலும் வெள்ளைத் தெர்மாகோல் பலகை வைத்து, கேமராவைத் தள்ளி வைத்து நீள லென்ஸில் எடுத்தால்தான் சுத்தமாக வரும். இதற்கு முன் பாத்திரம், குக்கர் என்று எதையாவது எடுத்திருக்கிறாரா என்று கேட்டு, அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கல்யாண ஆல்பத்தைக் காட்டினால் அதில் உங்களுக்கு விடை இல்லை.

காலம் பார்ப்பதும் முக்கியம். ஆவணி, தை, வைகாசி முகூர்த்தங்களில் கூப்பிட்டால் ஆள் வருவார், எடிட் வராது. உங்கள் கிரைண்டர் நான்கு கல்யாணத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் அவர்களுக்கு வேலை குறைவு, ரேட்டிலும் பேச இடம் உண்டு. ஆடியில் எடுத்துவிட்டால் தீபாவளி விற்பனைக்குக் கையில் இருக்கும்.

"ட்ரோன் ஷாட் ஃப்ரீயா தர்றோம்" என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழுகிற தூண்டில். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிக வேலைக்குப் பறக்கவிடப் பைலட் சான்றிதழ் வேண்டும். நமக்கோ பீளமேட்டில் விமான நிலையம் ஒரு பக்கம், சூலூர் விமானப்படைத் தளம் இன்னொரு பக்கம். எங்கே அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது என்று அரசின் வரைபடத்தைப் பார்க்காமல் யாரையும் பறக்கவிடாதீர்கள். அதோடு, பெரும்பாலான சிறு தொழிற்கூடங்களை மேலிருந்து பார்த்தால் தெரிவது சிமென்ட் ஷீட் கூரையும் தண்ணீர்த் தொட்டியும்தான். யாருக்காக அந்த ஷாட்?

புரொடக்‌ஷன் ஹவுஸ் எப்போது தேவை

மூன்றாவது வகைப் பார்வையாளருக்கு. ஒருவர் உங்கள் தொழிற்கூடத்துக்கு வராமலேயே ஆர்டர் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார் என்றால், அந்த வீடியோவில் தரம் சோதிக்கும் இடம், பேக்கிங், ஒரே நேரத்தில் எத்தனை கிரைண்டர் லைனில் நிற்கின்றன, எல்லாம் ஓர் ஒழுங்கில் வர வேண்டும். ஆங்கில வாய்ஸ் ஓவர் உச்சரிப்பு கேட்கிற மாதிரி இருக்க வேண்டும். இதை ஒருவர் எழுத வேண்டும், ஒருவர் இயக்க வேண்டும். இங்கே ஒற்றை ஆளை வைத்து மிச்சம் பிடிக்கப் பார்த்தால் செலவும் ஆகும், வேலையும் நடக்காது.

நல்ல ஹவுஸ் என்றால் நீங்கள் கவனிக்காத விஷயங்களை அவர்கள் கவனிப்பார்கள். இரும்பு தேய்க்கும் கிரைண்டிங் மெஷினில் நிற்பவர் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இருப்பது, செருப்போடு ஒருவர் லேத்தில் நிற்பது, தரையில் ஒயர் கிடப்பது. உள்ளூரில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள், வெளிநாட்டு வாங்குபவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். பக்கத்துத் திருப்பூரில் பனியன் கம்பெனி என்றால் இன்னும் ஒரு கவனம்: தைக்கிற மேஜையில் கிடக்கும் வெளிநாட்டு பிராண்டின் லேபிள் படத்தில் விழுந்தால், அந்த பிராண்டோடு போட்ட ரகசிய ஒப்பந்தம் மீறப்பட்டதாகிவிடலாம். படத்தில் வரும் தொழிலாளர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி வைப்பதும் இவர்கள் செய்ய வேண்டிய வேலை. கேட்டுப் பாருங்கள், தயாராகப் படிவம் வைத்திருக்கிறார்களா என்று.

ஆனால் இதற்கு எப்போது போவது? கேட்கிற ஆள் இருக்கும்போது. "எல்லாக் கம்பெனியிலும் கார்ப்பரேட் ஃபிலிம் இருக்கு, நமக்கும் வேணும்" என்பதற்காக எடுத்தால், திறப்பு விழாவில் ஒருமுறை ஓடும், அப்புறம் வெப்சைட்டின் ஒரு மூலையில் கிடக்கும். நம் கணபதி கம்பெனிக்கு வருடத்தில் இரண்டு மூன்று இறக்குமதியாளர்களாவது விவரம் கேட்டு மெயில் அனுப்புகிறார்கள் என்ற நிலை வந்த பிறகு லட்சங்களைப் போடலாம். அதுவரை, போன் வீடியோவில் முதலாளியே தொழிற்கூடத்தைச் சுற்றிக் காட்டினால் போதும். அதில் ஒரு நேர்மையும் இருக்கும்.

சமையல் யூடியூபர்களுக்குக் காசு கொடுப்பதும் ஒரு வழி. அது வீடியோவுக்குக் கொடுக்கும் காசு கிடையாது, அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் பார்வையாளர்களுக்குக் கொடுக்கும் காசு. விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் 2021 வழிகாட்டுதல்படி, காசு வாங்காமல் கிரைண்டரை மட்டும் இலவசமாக வாங்கியிருந்தால்கூட அது விளம்பரம் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டாம் என்று கேட்காதீர்கள். ஏஐ வீடியோ பற்றியும் இப்போது பலர் கேட்கிறார்கள். பண்டிகை வாழ்த்துக்குச் சரி. பொருளைக் காட்ட வேண்டாம். டிரம்முக்குள் இரண்டு உருளைக் கல் இருக்க வேண்டிய இடத்தில் அது தன் இஷ்டத்துக்கு எதையாவது வரைந்துவைக்கும், வாங்கியவர் வேறு ஒன்றைப் பார்ப்பார்.

கொட்டேஷனை ஒப்பிடும்போது

இரண்டு கொட்டேஷனை அருகருகே வைத்தால் கடைசி வரியை மட்டும் பார்க்காதீர்கள். வீடியோ வேலைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். புரொடக்‌ஷன் ஹவுஸ் அதைச் சேர்த்துப் போடும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத தனி வீடியோகிராபருக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால் அவர் பில்லில் அது இருக்காது. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு உள்ள கம்பெனி என்றால் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். எனவே வரிக்கு முந்தைய தொகைகளைத்தான் ஒப்பிட வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கரெக்‌ஷன் எத்தனை முறை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இரண்டு முறை என்பது பரவலான வழக்கம், மூன்றாவதுக்குக் காசு. அதனால் முதல் கட் வந்ததும் முதலாளி ஒரு நாள், தம்பி ஒரு நாள், சேல்ஸ் மேனேஜர் ஒரு நாள் என்று தனித்தனியாக மெசேஜ் அனுப்பாமல், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்து ஒரே தாளில் கொடுங்கள்.

இசை யாருடையது என்றும் கேளுங்கள். கல்யாண வீடியோவில் சினிமாப் பாட்டைப் போட்டுப் பழகியவர்கள் கம்பெனி வீடியோவிலும் போட்டுவிடுவார்கள். யூடியூபில் ஏற்றியதும் உரிமை கோரல் வரும், இன்ஸ்டாகிராமில் சத்தமே போய்விடலாம், இசை நிறுவனத்திடமிருந்து நோட்டீஸும் வரலாம். உரிமம் வாங்கிய இசை அல்லது யூடியூபின் இலவச ஆடியோ தொகுப்பு, இரண்டில் ஒன்று போதும்.

திரை எழுத்து இல்லாத ஒரு காப்பியையும் கேட்டு வாங்குங்கள். தமிழ் எழுத்து படத்தோடு ஒட்டிப் போயிருந்தால், நாளைக்குக் கேரள டீலர் மலையாளத்தில் கேட்கும்போது மறுபடி எடிட்டருக்குக் காசு அழ வேண்டியிருக்கும். வாய்ஸ் ஓவரும் இசையும் தனித்தனி டிராக்காக இருந்தால் டப்பிங் ஒரு நாள் வேலை.

வீடியோவின் உரிமை பற்றிப் பயப்பட வேண்டாம். 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. எனவே அவர்கள் நீட்டும் ஒப்பந்தத்தில் அதற்கு மாறாக ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் உரிமை உங்களிடம் இருப்பது வேறு, எடுத்த ஃபுட்டேஜ் கைக்கு வருவது வேறு. நொடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) அளவில் எடுத்த 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். யாரும் அதை வருடக்கணக்கில் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். எடிட் செய்யாத ரா ஃபுட்டேஜைத் தர வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள், ஷூட் அன்றைக்கே ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்துக் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், அந்த இடத்தில் யாரோ ஒருவருடைய ரிசப்ஷன் இருக்கும்.